முட்டுக்கட்டை

அமெரிக்க மரவீடுகளின் கூரையடிக்குள் டார்ச்சோடு ஏறுகிறவர்கள் சில சமயம் ஒரு சீட்டைப் பார்ப்பதுண்டு. முக்கோணமாகச் செய்து நிறுத்திய மரச்சட்டகத்தின் நடுக்கட்டை ஒன்றில், அதைச் செய்த பட்டறையிலேயே ஸ்டேப்பிள் அடித்து அனுப்பிய சீட்டு. இந்த இடத்தில் பக்கவாட்டுப் பலகை ஒன்று அடிக்கப்பட வேண்டும் என்பது அதன் செய்தி. சீட்டு இருக்கும்; பலகை இருக்காது. வீடு கட்டி இருபது, முப்பது வருடம் ஆகியிருக்கும். கீழே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போயிருப்பார்கள். மேலே அந்தக் காகிதம் மட்டும் இருட்டிலும் வெக்கையிலும் தூசி படிந்து, வாசிப்பார் இல்லாமல் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கூரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் உறுத்துகிறது. விழுந்திருந்தால் காரணம் தேடலாம். விழாத கூரையிடம் எதைக் கேட்பது? அது தாங்கப்பட்டு நிற்கிறதா, இல்லை, அதைத் தள்ளிப் பார்க்கும் காற்று இன்னும் அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லையா? பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

அந்தச் சட்டகத்தின் பெயர் ட்ரஸ். தமிழ்நாட்டில் இரும்புக் கூரை போடுகிறவர்களும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். மரத்தில் செய்தது அருகில் போய்ப் பார்த்தால் உறுதியான பொருளாகத் தோன்றாது. இரண்டுக்கு நான்கு என்று பெயர் சொல்லி விற்கும் கட்டை, காய்ந்து இழைத்த பிறகு ஒன்றரை அங்குலத் தடிமனும் மூன்றரை அங்குல அகலமும்தான் இருக்கும். அப்படிப்பட்ட கட்டைகளை முக்கோணங்களாகச் சேர்த்து, ஒவ்வொரு மூட்டிலும் பல்பல்லாகக் குத்தியெடுத்த இரும்புத் தகட்டை இருபுறமும் வைத்து அழுத்திவிட்டால் ட்ரஸ் தயார். இந்தத் தகட்டை 1952இல் ஃபுளோரிடாவின் பொம்பனோ பீச்சில் கரோல் சான்ஃபோர்ட் உருவாக்கினார். அதன் பிறகு கூரை வேலை வீட்டு வாசலிலிருந்து பட்டறைக்குப் போனது. கைமரத்தைச் சரிவு பார்த்து அறுக்கும் தச்சர் தேவைப்படவில்லை. லாரியில் கட்டுக்கட்டாக ட்ரஸ்கள் வந்து இறங்கின. இரண்டடிக்கு ஒன்றாக அவற்றைச் சுவர்மேல் வரிசையாக நிறுத்தி, மேலே பிளைவுட் அடித்தால் ஒரே நாளில் வீட்டுக்குக் கூரை உருவம் வந்துவிடும்.

முக்கோணத்திடம் ஒரு குணம் உண்டு. பக்கங்களில் ஒன்று முறியாமல் அதன் கோணம் மாறாது. நடுவில் சுவரோ தூணோ இல்லாமல் வீட்டின் அகலம் முழுவதையும் ஒரு ட்ரஸ் தாண்டுவது அந்தக் குணத்தால்தான். ஆனால் அந்த வலிமையெல்லாம் அது நிற்கும் தளத்துக்குள் மட்டும்தான் உண்டு. பக்கத்திலிருந்து ஒரு கை தள்ளினால் முப்பது நாற்பதடி நீளமும் ஆளுயரத்துக்கு மேல் உயரமும் கொண்ட அந்தப் பொருளிடம் இருப்பது ஒன்றரை அங்குலத் தடிமன் மட்டுமே. விளிம்பில் நிறுத்திய முறம் போல அது நிற்கிறது. கட்டுகிற இடத்தில் முதல் ட்ரஸைத் தூக்கி நிறுத்தும்போது எல்லோரும் சற்றுப் பேச்சை நிறுத்துவதற்குக் காரணம் இதுதான். முதலாவதைப் பிடித்துக்கொள்ள அண்டையில் இன்னொன்று இல்லை. அதைத் தரையிலிருந்தோ தளத்திலிருந்தோ உதைகால் கொடுத்துச் சாய்வாக நிறுத்த வேண்டும். இரண்டாவது முதலாவதைப் பிடித்துக்கொள்ளும், மூன்றாவது இரண்டாவதை. நாற்பதாவது ட்ரஸ் யாரை நம்பி நிற்கிறது என்று பின்னோக்கிப் போனால், தரையில் ஊன்றிய அந்த உதைகாலில் போய் முடியும். வேலை நடுவே வரிசையாக ட்ரஸ்கள் சரிந்து ஆட்கள் அடிபட்ட கதைகளில் பெரும்பாலும் அந்த உதைகாலைப் பற்றிய ஒரு வரி இருக்கும். போதுமானதாக இல்லை என்றோ, சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்றோ.

நின்ற பிறகும் கதை முடிவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் ஸ்கேலை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே நிறுத்தி அழுத்தினால் அது நொறுங்குவதில்லை. பக்கவாட்டில் வில்லாக வளைந்து நழுவுகிறது. அமுக்கப்படும் ஒல்லியான பொருள் எதுவும் இப்படித்தான் தோற்கும். சுமை தாளாமல் உடைவதற்கு முன்பே சுமைக்கு விலகிப் போய்விடும். எவ்வளவு அழுத்தினால் விலகும் என்பதற்கான கணக்கை லியோனார்ட் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் திறன் கால்வாசியாகிவிடும். திருப்பிச் சொன்னால், அதே ஸ்கேலின் நடுப்புள்ளியை யாராவது ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டால் அது நான்கு மடங்கு தாங்கும். அந்த விரலுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதுதான் வியப்பு. மேலிருந்து வரும் சுமையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தால் போதும் என்பது பொறியாளர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கைக்கணக்கு. நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ. இவ்வளவு சிறிய உதவிக்கு இவ்வளவு பெரிய பலன் என்பதே அதன் ஆபத்தாகவும் இருக்கலாம். சிறியதாக இருப்பதால் அதை விட்டுவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றிவிடுகிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வின்டர் 1958இல் இதில் இன்னொரு நுட்பத்தைத் தெளிவாக்கினார். பிடித்துக்கொள்ளும் விரல் உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. அது இளகாமலும் இருக்க வேண்டும். ரப்பர் கயிறு அறுந்துபோகாமலே நீண்டு கொடுக்கும். ஸ்கேல் வளைய ஆரம்பித்ததும் தானும் கூடவே நகர்ந்து கொடுக்கும் விரல் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் பயனில்லை. பலம் ஒன்று, விறைப்பு வேறொன்று. கூரையடியில் இந்த வேறுபாடு சில ஆணிகளில் போய் நிற்கிறது. ஓர் ஆணியில் தொங்கும் பலகை சுழலும். இரண்டு ஆணியில் பிடித்த பலகை சுழலாது.

சரி, விரல் எங்கே நிற்கிறது? எல்லாச் சங்கடமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சீட்டில் எழுதியபடி ஒரு நீண்ட பலகையை எடுத்து, பத்துப் பதினைந்து ட்ரஸ்களின் நடுக்கட்டைகளைக் குறுக்காக இணைத்து ஆணி அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டையும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் பாரம் ஏறும்போது பதினைந்து கட்டைகளும் ஒரே திசையில், ஒரே அளவு வளையத் தொடங்கினால் அந்தப் பலகை என்ன செய்யும்? அதுவும் அவற்றோடு போகும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் எதுவும் தனியாக விழாது. எல்லாம் சேர்ந்து விழும். பலகைக்கு அது கொண்டுபோகும் விசையை ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் வரிசையின் இடையே சில இடங்களில், கூரையின் உச்சிப் பக்கத்திலிருந்து கீழே மச்சுத் தளத்தை நோக்கிச் சாய்வாக இன்னொரு கட்டை இறங்க வேண்டும். அது வந்ததும் நீள்சதுரங்களுக்குள் முக்கோணம் பிறக்கிறது. ட்ரஸ்ஸுக்குத் தன் தளத்துக்குள் எந்த வலிமை உண்டோ, அதே வலிமை அந்தத் தளத்துக்குக் குறுக்கேயும் கிடைக்கிறது. கூரைக்குள் ஏறி வேலை செய்தவர்கள் நேர்ப்பலகையை அவ்வளவாக மறப்பதில்லை. மறக்கப்படுவது இந்தச் சாய்வுக்கட்டைதான்.

இங்கே எழுத்துக்கு ஒரு சபலம் வரும். சேர்ந்து நிற்பதாலேயே நிலைபெற்றுவிட்டதாக நம்பும் கூட்டங்கள், ஒருவரையொருவர் பற்றியபடி ஒரே பக்கம் சாயும் மனிதர்கள் என்று உடனே மனம் மரத்திலிருந்து மனிதருக்குத் தாவப் பார்க்கும். அந்தத் தாவலைக் கொஞ்சம் பிடித்து வைப்பது நல்லது. மரம் மனிதருக்கு உவமையாக நிற்பதற்காக அங்கே இல்லை. கீழே தூங்குகிறவர்களின் மேல் விழாமல் இருப்பதற்காக நிற்கிறது. உவமைக்குப் போய்விட்டால் ஆணி எத்தனை என்று எண்ணுவது நின்றுவிடும்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம். தமிழில் இந்தக் கட்டைக்கு நெருங்கிய சொல் முட்டுக்கட்டை. சாய்கிற சுவருக்கு, உருள்கிற வண்டிச் சக்கரத்துக்கு, காய் தாங்காத வாழைக்குக் கொடுப்பது முட்டு. ஆனால் பேச்சில் முட்டுக்கட்டை போடுகிறவர் என்றால் நல்ல காரியத்தைத் தடுக்கிறவர். முட்டுக் கொடுக்கிறவர் என்றால் தவறென்று தெரிந்தும் ஒருவருக்காக வாதாடுகிறவர். காப்பாற்றும் பொருளின் பெயர் ஏன் வசையாகிப் போனது? அந்த வசையில் ஒரு தொழில்நுட்ப உண்மையும் இருக்கிறது. முட்டுக்கட்டை நிஜமாகவே தடுக்கத்தான் செய்கிறது. நகர்வைத் தடுப்பது தவிர அதற்கு வேறு வேலையே இல்லை. உத்திரமும் கைமரமும் சுமை தாங்குகின்றன. அவற்றுக்குப் பாட்டும் பழமொழியும் மரியாதையும் உண்டு. விட்டத்தையும் மோட்டுவளையையும் வெறித்துப் பார்த்தபடி கவலைப்படாத தமிழர் குறைவு. அண்ணாந்து படுத்தவரின் கண் தேடிப் போகும் இடம் உச்சி. சாய்ந்து கிடக்கும் கட்டையை யாரும் வெறித்துப் பார்த்ததாகச் சொல்வதில்லை.

குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் உள்ள பழைய மரக்கூரைகளில் இந்தக் கவலைக்கு வேறொரு பதில் கிடைத்திருக்கிறது. கழுக்கோல் எனப்படும் கைமரங்களை ஒரே மட்டத்தில் துளையிட்டு, அந்தத் துளைகளின் ஊடே நீளமாக ஒரு சட்டத்தைச் செலுத்துவார்கள். அதற்குப் பெயர் வளை. ஊசியில் கோத்த பூப்போல எல்லாக் கழுக்கோல்களும் ஒரு வரிசையில் நிற்கும். ஆனால் வளையும் நேர்ப்பலகை போன்றதுதான். அது மட்டும் இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சரியலாம். சரியாமல் பார்த்துக்கொள்வது நான்கு மூலைகளிலிருந்தும் சாய்வாக ஏறி மோட்டில் சேரும் மூலைக் கழுக்கோல்கள். நாலுபுறமும் சரியும் கூரையில் இரண்டு முனைகளும் உள்நோக்கிச் சாய்ந்து முகட்டுக்குத் தாமே உதைகால் ஆகிவிடுகின்றன. இங்கே முட்டு தனியாகச் சேர்க்கப்படுவதில்லை; கூரையின் வடிவத்திலேயே அது இருக்கிறது. இங்கிலாந்தின் இடைக்காலத் தேவாலயங்களில் அப்படி இல்லை. அங்கே ஜோடி ஜோடியாக நிறுத்திய கைமரங்களுக்கு இடையே நீளவாக்கில் மரம் எதுவும் இல்லாத கூரைகள் காலப்போக்கில் அலமாரிப் புத்தகங்கள்போல ஒரு பக்கம் சாய்ந்தன. 13ஆம் நூற்றாண்டில் நீளவாக்கில் ஓடும் சட்டமும் அதைத் தாங்கும் நடுக்காலும், அந்தக் காலிலிருந்து நாற்புறமும் கிளைக்கும் வளைந்த சாய்வுக்கட்டைகளும் வரத் தொடங்கின. சாய்வுக்கட்டையின் தேவையை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டு, பிறகு ஏதோ ஒரு வேகத்தில் மறந்துபோய், மறுபடியும் தெரிந்துகொள்கிறது.

ஃபுளோரிடா மறுபடி தெரிந்துகொண்ட நாள் 1992 ஆகஸ்ட் 24. விடியற்காலை ஐந்து மணியளவில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே, ஹோம்ஸ்டெட் அருகே கரையேறியது. பரப்பில் சிறியது, வேகமாக நகர்ந்தது, பெரிய மழை இல்லை, காற்று மட்டும்தான். முதலில் நான்காம் வகை என்று கணித்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து 2002இல் பதிவுகளை மறுபடி ஆராய்ந்து ஐந்தாம் வகை என்று திருத்தினார்கள். நீடித்த வேகம் மணிக்கு 165 மைல். அந்த இரவு முழுக்கத் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்த வானிலையாளர் பிரையன் நார்கிராஸ், வீட்டின் உள்ளறைக்குள் மெத்தையோடு போய் அடைந்துகொள்ளுங்கள் என்று மக்களிடம் சொன்னார். அப்படியே குளியலறைகளிலும் துணி வைக்கும் சிற்றறைகளிலும் மெத்தையைத் தலைக்குமேல் பிடித்தபடி குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. அவர்களுக்கு மேலே என்ன நடந்தது என்பது பிறகு ஆய்வறிக்கைகளில் வரிசைக் கிரமமாக எழுதப்பட்டது. முதலில் ஓட்டு வில்லைகள் பறந்தன. பிறகு கூரை முனையிலிருந்த பிளைவுட் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்தப் பலகைகள்தான் அதுவரை ட்ரஸ்களின் மேல்விளிம்பைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்தன. அவை போனதும் வீட்டின் முனையில் நின்ற முக்கோணச் சுவர் தனித்து விடப்பட்டது. அது சாய்ந்தது, அடுத்த ட்ரஸ்மேல் விழுந்தது, அது அதற்கடுத்ததன்மேல். டேட் கவுன்டியில் 25,000க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. சேதமடைந்தவை 1 லட்சத்தைத் தாண்டின.

காற்று கூரையைத் தள்ளுவதைவிட உறிஞ்சித் தூக்கவே அதிகம் பார்க்கும். கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் அந்த உறிஞ்சல் மிகக் கடுமை. ஒரு ஜன்னலோ கார் கொட்டகைக் கதவோ உடைந்து காற்று உள்ளே நுழைந்துவிட்டால் உள்ளிருந்தும் மேல்நோக்கித் தள்ளல் சேர்ந்துகொள்ளும். முக்கோணச் சுவரின் பலவீனம் இன்னொரு வகை. கீழ்ச்சுவர் முடிகிற மட்டத்துக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் முக்கோணத்துக்கும் இடையே ஒரு கோடு ஓடுகிறது. வேறு பிடி இல்லாவிட்டால் அந்தக் கோடு கதவுக் கீலாக மாறி, முக்கோணம் உள்ளேயோ வெளியேயோ மடியும். நாலுபுறமும் சரியும் கூரைகள் அந்தப் புயலில் மேலாகத் தாக்குப்பிடித்தன. இன்று ஃபுளோரிடாவில் அப்படிப்பட்ட கூரைக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை உண்டு. சலுகைக்குச் சான்று தர வருகிற ஆய்வாளர் கூரையடிக்குள் ஏறி, ஆணிக்கும் ஆணிக்கும் உள்ள இடைவெளியை அளவுநாடா வைத்துப் படம் எடுக்கிறார்.

கூரையடிக்குள் போனவர்கள் சொல்லும் ஒரு காட்சி மனதிலிருந்து இறங்க மறுக்கிறது. ஃபுளோரிடாவின் கோடையில் அங்கே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பைன் மரத்தின் பிசின் வாடை மூக்கை அடைக்கும். கண்ணாடியிழைப் பஞ்சு முழங்கையில் பட்டால் அன்று முழுக்க அரிக்கும். நிமிர முடியாது. நிமிர்ந்தால் பிளைவுட்டைத் துளைத்து வந்த ஆணிமுனைகள் உச்சந்தலையைக் குத்தும். அந்த நிலையில் டார்ச்சைக் கட்டையோரமாக அடித்தால் சில இடங்களில் மினுமினுவென்று ஒரு வரிசை தெரியும். மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டிய ஆணிகள் அதைத் தொடாமல், அரை அங்குலம் தள்ளி வெறும் காற்றில் இறங்கி நிற்கின்றன. தொழிலில் அதற்கு ஷைனர் என்று பெயர், மின்னுவது என்ற பொருளில். மேலிருந்து அடித்தவருக்கு அது தெரிய வழியில்லை. பிளைவுட்டின் மேல் அவர் பார்த்தது ஆணித்தலையை மட்டும்தான். காற்றழுத்தத் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே சத்தத்தோடுதான் அடிக்கும். முன்பு சுத்தியலால் அடித்தபோது, மரத்தில் இறங்கும் ஆணிக்கும் வெற்றிடத்தில் இறங்கும் ஆணிக்கும் கைக்கு வித்தியாசம் தெரிந்தது. ஆண்ட்ரூவுக்குப் பிறகு இடிபாடுகளில் கிடந்த பலகைகளைத் திருப்பிப் பார்த்தவர்கள் ஸ்டேப்பிள்கள் ட்ரஸைத் தவறவிட்டிருந்ததைக் கண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் டேட் கவுன்டியின் கிராண்ட் ஜூரி கட்டுமானத்தின் தரத்தை விசாரித்து அறிக்கை தந்தது. கட்டட விதிகள் இறுக்கப்பட்டன. கூரைப் பலகைக்கு ஸ்டேப்பிள் கூடாது என்றாயிற்று. மாநிலம் முழுமைக்குமான ஒரே கட்டட விதித்தொகுப்பு 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் 1992க்கு முன்னால் கட்டி நிற்கும் வீடுகளின் உள்ளே இன்றும் அந்த மினுமினுப்பு இருக்கும். அவை புயலில் சிக்காத தெருக்கள், அவ்வளவுதான்.

நின்றுகொண்டிருப்பது சான்றாகுமா என்ற கேள்விக்கு ஹார்ட்ஃபோர்டில் ஒரு கொடிய பதில் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத் தலைநகரான அந்த ஊரில் கட்டப்பட்ட உள்ளரங்கின் கூரை எஃகுக் கம்பிகளால் ஆன ஒரு பெருங்கூண்டு. 360 அடிக்கு 300 அடி. தரையில் வைத்தே கோத்து, 1973இல் தூக்கி ஏற்றினார்கள். ஏற்றியபோதே கணக்கில் சொன்னதைப்போல இரண்டு மடங்கு தொய்ந்திருந்தது. கவனித்துச் சொன்னவர்களுக்கு, கணக்கும் நிஜமும் அப்படிக் கொஞ்சம் விலகுவது உண்டு என்று பதில் கிடைத்தது. 1978 ஜனவரி 17 இரவு அங்கே நடந்த கூடைப்பந்தாட்டத்தைச் சுமார் 5,000 பேர் பார்த்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சில மணி நேரம் கழித்து, 18ஆம் தேதி விடிவதற்கு முன் நான்கேகால் மணி வாக்கில் 1,400 டன் கூரை அப்படியே உள்ளே இறங்கியது. இருக்கைகள் காலியாக இருந்தன. ஒருவரும் சாகவில்லை. விசாரணையில் வெளிவந்த பல குறைகளில் ஒன்று எளிமையானது. மேல்தளத்துக் கம்பிகள் ஒவ்வொன்றும் 30 அடி நீளம். நடுவில், 15 அடியில், அவை பிடிக்கப்பட்டிருக்கும் என்பது கணக்கின் அனுமானம். கூரையின் ஓரக் கம்பிகளுக்கு அந்த நடுப்பிடி இல்லை. உள்ளே இருந்தவற்றுக்கு இருந்த பிடியும் நெகிழ்ந்து கொடுப்பதாக இருந்தது. காகிதத்தில் விரல் இருந்தது, ஸ்கேலில் இல்லை. அந்த நிலையில் அது ஐந்தாண்டு நின்றது. அரங்கு திறந்த பிறகு அங்கே விளையாட்டு நடந்தது, கச்சேரி நடந்தது, குழந்தைகள் மிட்டாய் தின்றார்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கூரை விழவில்லை என்பது அதற்கு ஆதரவான இன்னொரு சான்றாகவே எண்ணப்பட்டிருக்கும்.

அதற்கு மூன்றாண்டுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் துடைத்துப்போட்டிருந்தது. விமான நிலையத்துக் காற்றளவி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டிவிட்டு நின்றுபோனது. நகரத்து மக்களில் பெரும்பாலோரை வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சேதத்தை ஆராய்ந்த பொறியாளர் ஜார்ஜ் வாக்கர் கண்டவற்றில் இரண்டு விஷயங்கள் இந்த வரிசையில் வைக்கத் தக்கவை. தகரத்தைப் பிடித்திருந்த இடங்களில் காற்றின் அடி திரும்பத் திரும்ப விழுந்து உலோகம் களைத்துக் கிழிந்திருந்தது. ஒரு பெரிய அடியைத் தாங்கக் கூடியது ஆயிரம் நடுத்தர அடிகளைத் தாங்கவில்லை. இரண்டாவது, கூரை போனதும் சுவர்களும் போயின. சுவர்தான் கூரையைத் தாங்குகிறது என்று எல்லோரும் நினைத்திருக்க, பக்கவாட்டில் சுவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது கூரையும் மச்சுமாகவே இருந்திருக்கின்றன. பெரிய கட்டடங்களுக்குப் பொறியாளர் கணக்குப் போட்டிருந்தார். வீடுகளுக்கு யாரும் போடவில்லை. வீடு எல்லோருக்கும் தெரிந்த பொருள், அதற்கெதற்குக் கணக்கு என்று விட்டிருந்தார்கள்.

தெரிந்த பொருளிடம் எடுத்துக்கொள்ளும் அந்த உரிமை கூரையடியில் இன்னொரு விதமாகவும் நடக்கிறது. பண்டிகைச் சாமான்களை மேலே ஏற்றி வைக்க இடம் வேண்டும். குளிர்பதனக் குழாய் போக வழி வேண்டும். சூரியத் தகட்டின் கம்பியைக் கொண்டுபோக வேண்டும். வழியில் முழங்காலை இடிப்பது எது? சாய்வாக இறங்கும் அந்தக் கட்டைதான். சுமை தாங்குவது எது, தாங்காதது எது என்று அறுப்பவர் நிதானமாகத்தான் யோசிக்கிறார். அந்தக் கட்டையின்மேல் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை. ரம்பம் பாதி இறங்கும்போது அது ரம்பத்தைக் கவ்வுவதும் இல்லை. அறுத்து எடுத்த பிறகு எதுவும் அசையவில்லை, முனகவில்லை. நல்ல காற்றில்லாத ஒரு சாதாரண நாளில் அதன் உடம்பில் ஓடும் விசை ஏறக்குறைய பூஜ்யம். அந்த நாளில் அதைப் பரிசோதித்தவருக்கு அது வெறும் கட்டை. அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் எந்தப் புலன் அவருக்கு வேறு மாதிரிச் சொல்லியிருக்க முடியும்? கையால் தட்டிப் பார்த்தால் உத்திரம் ஒரு ஒலி தரும், தளர்ந்த பலகை ஒரு ஒலி தரும். வரப்போகும் ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கும் கட்டைக்குத் தனியாக ஒலி கிடையாது. சாயங்காலம் வெயில் இறங்கி மரம் குளிரும்போது கூரை முழுக்க டக், டக் என்று முறியும் சத்தம் கேட்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது சத்தமே போடாது.

அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பு வீட்டுக்காரர்களுக்காகச் சொல்லிவந்த வழிமுறை பெரிய தச்சுவேலை எதையும் கேட்பதில்லை. இரண்டுக்கு நான்கு கட்டைகளைக் கூரையின் நீளத்துக்கு ஓட்ட வேண்டும். ஒன்று முகட்டிலிருந்து 18 அங்குலம் தள்ளி, ஒன்று நடுவில், ஒன்று அடியில். கட்டை முடிகிற இடத்தில் அடுத்த கட்டை இரண்டு ட்ரஸ்களின்மேல் ஒட்டிப் படிய வேண்டும். முக்கோணச் சுவருக்கு எக்ஸ் வடிவம். சுவரின் உச்சியிலிருந்து நான்காவது ட்ரஸின் அடிக்கு ஒரு கட்டை, சுவரின் அடியிலிருந்து நான்காவது ட்ரஸின் உச்சிக்கு ஒரு கட்டை. ஒவ்வொரு ட்ரஸிலும் இரண்டு திருகாணி, அல்லது இரண்டு பெரிய ஆணி. வாசித்தால் அரை நாள் வேலை. செய்து பார்த்தவர்களுக்கு அது மூன்று நான்கு விடியற்காலைகள். ஒன்பது மணிக்குமேல் அங்கே இருக்க முடியாது. எட்டடிக் கட்டையை மச்சுக் கதவின் சின்ன ஓட்டை வழியாகச் சாய்த்துச் சாய்த்து ஏற்ற வேண்டும். பஞ்சுக்கு அடியில் எங்கே மரம், எங்கே வெறும் மச்சுப் பலகை என்று தெரியாமல் கால் வைத்தால் கீழறை விதானத்தில் கால் தொங்கும். முகமூடிக்குள் வியர்வை வாய்க்குள் இறங்கும். ட்ரஸின் எந்தக் கட்டையையும் அறுக்கவோ செதுக்கவோ கூடாது என்பதால் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். தலையில் கட்டிய விளக்கின் வட்டத்துக்குள் ஒரு மூட்டு, இரண்டு திருகாணி, பிறகு முழங்காலை நகர்த்தி அடுத்த மூட்டு.

அப்படி நகர்ந்து வருகிறவர் ஒரு கட்டத்தில் அந்தச் சீட்டு ஒட்டிய கட்டைக்கு வந்து சேர்வார். விளக்கை உயர்த்தித் தூசியைத் துடைத்தால் எழுத்து இன்னும் வாசிக்கிற மாதிரியே இருக்கும். வெயில் படாத காகிதம். பலகை வர வேண்டிய இடம் சரியாக அதன் மேல்தான். சீட்டைப் பிய்க்க வேண்டியதில்லை. பலகையை அதன்மேல் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, முதல் திருகாணியைக் காகிதத்தின் ஊடாகவே மரத்துக்குள் இறக்க வேண்டும். இரண்டாவது இறங்குவதற்குள் சீட்டு பலகைக்கு அடியில் போய்விடுகிறது.